யாரும் முடித்துவைக்க முடியாத சொல்

கருவி அறையில் இருக்கிறாரே, அவருக்குத் திக்குவாயே கிடையாதாம், எல்லாம் நடிப்பாம். ஆஸ்பத்திரி கேன்டீனில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் சொன்னதாக லிஃப்ட்காரர் சொன்னார். லிஃப்ட்காரர் சொன்னதாக மூன்றாம் மாடி நர்ஸ் சொன்னாள். அதற்கப்புறம் யார் சொன்னதாக யார் சொன்னார்கள் என்று கணக்கெடுக்க முடியாத அளவுக்குப் பேச்சு மாடி மாடியாக ஏறி இறங்கியது. ஆதாரம் இல்லாமலும் இல்லை. தன் பெயரைச் சொல்லவே தாடையோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு இருக்கிற அந்த முழ நீளப் பெயரை மட்டும் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்கிறாராம்: ஸ்ஃபிக்மோமனாமீட்டர். பெரிய டாக்டர்களே அதை 'பிபி மெஷின்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும்போது, இவருக்கு மட்டும் எப்படி வருகிறது? போன் எடுக்க வேண்டாம், மீட்டிங்கில் வாயைத் திறக்க வேண்டாம், அதற்காகப் போட்ட வேஷம்தான் இந்தத் திக்கு என்று கேன்டீனில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

தீர்ப்புக்கு ஆளானவருக்கு வயது ஐம்பத்தாறு. ஒல்லி. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் திருப்புளி இருக்கும். ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. 'ஸ்பிக்மோ' என்றால் எல்லோருக்கும் தெரியும். 'ஸ்பிக்மோ அண்ணே, இந்த மெஷின் காத்து நிக்கல பாருங்க' என்று வார்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் போதும். சாயங்காலத்துக்குள் காற்று நிற்கும்.

திக்கிப் பேசுகிறவர்களுக்கு உலகம் ஓர் உபகாரம் செய்துகொண்டே இருக்கிறது. சொல் தொண்டையில் முட்டி நிற்கும்போது, எதிரே இருப்பவர் பாய்ந்து வந்து அதை முடித்துவைப்பார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி, கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்த மாதிரி. அது இவர் சொல்ல வந்த சொல்தானா என்பதெல்லாம் அப்புறம். டீக்கடையில் 'பா' என்று தொடங்கினால் பால் வந்துவிடும். பாதி சர்க்கரை போட்ட டீ என்று சொல்ல வந்தவர் பேசாமல் பாலைக் குடித்துவிட்டுப் போவார். பஸ்ஸில் 'ப' என்றால் கண்டக்டர் பஸ் டெப்போவுக்குச் சீட்டுக் கிழித்துவிடுவார். பழைய மார்க்கெட்டில் இறங்க வேண்டியவர் டெப்போ வரை போய்த் திரும்பி நடப்பார். மறுத்துப் பேச இன்னும் நாலு சொல் வேண்டும். அந்த நாலும் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு நடப்பதே மேல்.

அவர் பார்க்கிற உத்தியோகமே அப்படி யாரோ முடித்துவைத்ததுதான். இருபத்தாறு வயதில், கணக்குப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இந்த ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். வாசல் காவலாளியிடம் 'க... க...' என்றார். 'கருவியா? நேரே போய்ப் பின்பக்கம் திரும்பு' என்று காவலாளி கையைக் காட்டிவிட்டார். கருவி அறைப் பெரியவர், தான் கேட்டிருந்த உதவி ஆள்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக் கையில் திருப்புளியைக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் இரண்டு மெஷின்கள் உயிர் பெற்றுவிட்டன. 'ராசியான கைடா' என்றார் பெரியவர். கணக்கு என்று விளக்க வேண்டுமானால் மறுபடியும் அந்தக் 'க'வைத் தாண்ட வேண்டும். இவர் மறுநாளும் வந்தார். முப்பது வருஷமாக வந்துகொண்டிருக்கிறார். கணக்குப் பிரிவுக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எப்போதாவது யோசிப்பார். யோசித்துவிட்டு, நல்ல வேளை என்று வால்வைத் திருகுவார்.

கருவி அறை ஒரே ஜன்னல் வைத்த நீள அறை. ரப்பர் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து கிடக்கும். சுவரை ஒட்டிய பலகையில் வார்டு வார்டாக மெஷின்கள் வரிசை பிடித்திருக்கும், ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளை நாடா ஒட்டி வார்டின் பெயர் எழுதியிருக்கும். பழுதான மெஷின் வந்தால் முதலில் கைப்பட்டையை ஒரு கண்ணாடி ஜாடியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். ரப்பர் பல்பை அமுக்கி அமுக்கி, அளவு இருநூறைத் தொடும் வரை காற்றை ஏற்றுவார். வால்வை மூடிவிட்டுக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அளவு இறங்கினால் எங்கோ ஓட்டை. குழாயா, பல்பா, பட்டையா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் காதருகே பிடித்துக் கேட்பார். அவசரம் கூடாது. காற்று ஒளிந்துகொண்டு கசியும், காத்திருந்தால்தான் காட்டிக்கொடுக்கும். எல்லாம் சரியானதும் வால்வைத் திறந்துவிடுவார். 'ஸ்ஸ்ஸ்...' என்று காற்று வெளியே வரும். அன்றாடம் அவர் காதுக்கு இதமான ஓசை அதுதான்.

அந்தப் பெரிய சொல் வந்த கதையும் அந்த ஓசையிலிருந்துதான் தொடங்குகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பெட்டிகள் வந்து இறங்கின. பெரியவருக்குக் கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. 'பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு சத்தமா படிப்பா' என்றார். சுற்றிலும் நாலைந்து பேர். ஆனால் எழுத்தைப் பார்த்தால் முதல் ஓசை 'ஸ்'. முட்டி நிற்கிற ஓசை இல்லை, கசிகிற ஓசை. வால்வைத் திறந்த மாதிரி விட்டார். 'ஸ்ஃபிக்' வந்தது. 'மோ' வந்தது. அங்கே நின்றது.

பழக்கத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தார், யாராவது முடித்துவைப்பார்கள் என்று. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் அந்தச் சொல் தெரியாது! நாலு பேரும் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் எதிரில் ஒரு சொல் முழுசாக, யாரும் கை வைக்காமல், அவருக்கென்றே காலியாகக் கிடந்தது. நின்று நிதானமாக நடந்து போய் அதன் மறுகோடியைத் தொட்டார்.

அன்றிலிருந்து அது அவர் சொல். கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு அதைப் பழகினார். சுண்டுவிரலில் ஸ்ஃபிக், மோதிர விரலில் மோ, நடுவிரலில் ம, ஆள்காட்டி விரலில் னா, கட்டை விரல் நகத்தில் மீ. விரல்கள் தீர்ந்துவிட்டன, ஆனால் அசை ஒன்று பாக்கி. அதற்கு மணிக்கட்டில், நாடி பார்க்கும் இடத்தில் இடம் கொடுத்தார். டர் என்று சொல்லும்போது நாடியும் ஒரு துடிப்புத் துடிக்கும். இது யாருக்கும் தெரியாது. அந்தச் சொல் வருவதால் மற்றச் சொற்களும் வரும் என்று அவர் ஆசைப்பட்டதும் இல்லை. ஒன்று வருகிறதே, போதாதா?

போன் மட்டும் அவருக்கு எமன். எதிரே முகம் இருந்தாலாவது வாய் அசைவதைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பார்கள். போனில் இவர் திணறுவது அமைதியாகத்தான் கேட்கும். 'ஹலோ? ஹலோ?' என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். அதனால் மெஷின் தயார் என்று சொல்ல மூன்று மாடி ஏறிப் போய்விட்டு வருவார். முன்பு ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆள் வேறு ஒரு முறை, 'ப்...' என்று பிரசவ வார்டைக் கேட்ட இவருக்குப் பிணவறையை இணைத்துக் கொடுத்துவிட்டார். 'உங்க மெஷின் ரெடி' என்று பிணவறையில் சொல்லிவிட்டு வைத்த கதை இன்றைக்கும் கேன்டீனில் ஓடுகிறது.

பிறகு எக்ஸ்சேஞ்சுக்கு, எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் ஓர் அம்மாள் வந்தார். ஒரு நாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை, இவருக்கு முழங்காலும் வலி. வேறு வழியில்லாமல் சுவரில் தொங்கும் போனை எடுத்தார்.

"எக்ஸ்சேஞ்ச்."

"ப்... ப்..."

கண்ணை மூடிக்கொண்டார். பிணவறைதான். ஆனால் மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிட்டார்களோ என்று அவர் நினைக்கத் தொடங்கியபோது, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"நான் லைன்ல இருக்கேன்."

அவ்வளவுதான். 'மெதுவா சொல்லுங்க' என்றோ, 'பதட்டப்படாதீங்க' என்றோ ஓர் உபதேசம் இல்லை. 'லைன்ல இருங்க' என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்கிறவர், அன்று அதைத் திருப்பிப்போட்டுச் சொன்னார். பிரசவ வார்டு தன் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து ஸ்பிக்மோ மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டார். மேடம் மாடிப்படிக்குக் கீழே, ஆஸ்பத்திரியின் காது மாதிரி இருந்த சின்ன அறையில் உட்கார்ந்திருப்பார். எதிரே பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். பேச்செல்லாம் போனில்தான். மெஷின், வெயில், முழங்கால் வலி, வெளியூரில் வேலை பார்க்கும் மேடத்தின் மகன். கணவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது என்பதையும் மேடம் ஒரு நாள் வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார்.

வதந்தியும் அந்தப் போன் வழியாகத்தான் அவரிடம் வந்தது.

"உங்களைப் பத்தி ஒரு சேதி உலாவுது. காதுக்கு வந்துச்சா?"

"இ...இல்ல மேடம்."

"நீங்க நடிக்கிறீங்களாம்."

அவருக்குக் காது மடல் சுட்டது. ஊர் என்ன நினைத்தால் என்ன? ஆனால் இந்த லைனில் இத்தனை வருஷமாக ஒருவர் காத்திருந்திருக்கிறார். ஒரு 'ப'வுக்காக, ஒரு 'க'வுக்காக. அத்தனையும் ஏமாற்று என்று மேடத்துக்குத் தோன்றிவிட்டால்?

"நீங்க நம்பு...புறீங்களா?"

"நம்புனா உங்ககிட்ட ஏன் கேக்கிறேன்? கேன்டீன்ல போய் நானும் ஒரு டீயைச் சொல்லிட்டு உக்காந்திருக்க மாட்டேனா? எனக்குத் தெரிய வேண்டியது வேற. அந்த வார்த்தை மட்டும் எப்படி வருது? காலையிலேர்ந்து சொல்லிப் பார்க்கிறேன், பல்லும் நாக்கும் கட்டிப்புரண்டு சண்டை போடுது."

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார், வரிசையில் நின்ற மெஷின்களைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அ...அதை யா...ராலயும் எ...எனக்காக மு...முடிக்க முடியாது மேடம்."

மறுமுனையில் மேடம் சிரிக்கத் தொடங்கினார். கேலிச் சிரிப்பு இல்லை. தேடிக்கொண்டிருந்த சாவி இடுப்பிலேயே இருந்ததைக் கண்டவர் சிரிக்கும் சிரிப்பு.

"அட ராமா! அவ்வளவுதானா? ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நிக்குது, நீங்க பாட்டுக்கு நடந்து போறீங்க!"

"ம்."

"அப்ப எனக்கும் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தார். ஒரே நாளில் இல்லை. மத்தியானம் அழைப்புகள் ஓய்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. "ஸ்னு வி...விடுங்க மேடம். காத்து போற மாதிரி." மேடம் 'ஸ்ஸ்ஸ்' என்று விட்டுக்கொண்டே இருப்பார், நடுவில் "இருங்க, எமர்ஜென்சி கூப்பிடுது" என்று மறைந்து, திரும்பி வந்து அதே 'ஸ்'ஸில் உட்காருவார். 'ஸ்பிங்கோ' வந்தது, 'ஸ்ஃபிக்மாமோ' வந்தது. "ஏதோ கரப்பான்பூச்சி மருந்து மாதிரி இருக்கே" என்றார். விரல் கணக்கைச் சொன்னதும் கொஞ்சம் பிடிபட்டது. நாலாவது அசையில், அந்த 'னா'வில்தான் காலை ஊன்ற வேண்டும் என்று அவர் சொன்னார். மற்றதையெல்லாம் லேசாகத் தொட்டால் போதும். ஒரு தடவை வெளியிலிருந்து வந்த அழைப்புக்கு "ஸ்ஃபிக்மோ ஆஸ்பத்திரி, சொல்லுங்க" என்று மேடம் பதில் சொல்லிவிட்டாராம். கூப்பிட்டவர் ராங் நம்பர் என்று வைத்துவிட்டாராம்.

ஒரு நாள் மேடத்தின் குரலில் ஒரு குதூகலம். மகன் படித்த காலத்து அகராதியைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்திருக்கிறார்.

"கிரேக்க மொழியாம். ஸ்ஃபிக்மோஸ்னா துடிப்பு. நாடி துடிக்குதே, அது. கடைசியில வர்றது மெட்ரான், அளவு."

"நடுவுல ம...மனசு" என்றார் இவர் மகிழ்ச்சியாக. முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் வைத்திருந்தார். பெட்டியில் எழுத்துக் கூட்டினால் மனோ, மனோ என்றால் மனசு, வேறென்ன? துடிப்பு, மனசு, அளவு. துடிப்பையும் மனசையும் சேர்த்து அளக்கிற கருவிக்கல்லவா நான் வால்வு மாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம்கூட உண்டு.

மேடம் இழுத்தார். "அது வந்து..."

"சொ...ல்லுங்க."

"மனசு இல்லையாம். மானோஸ்னா ஐதா இருக்கிறது. நெருக்கம் இல்லாம, இடைவெளி விட்டு இருக்கும்ல, அது. காத்து எவ்வளவு ஐதா இருக்குன்னு பார்க்க முதல்ல ஒரு கருவி வந்துச்சாம், அதுக்கு வச்ச பேரு இதுலயும் ஒட்டிக்கிச்சு."

வீட்டில் வழக்கமாக உட்காரும் நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது அவருக்கு. அன்று முழுக்க மெஷின்களைப் பார்த்தால் அந்நியமாக இருந்தன. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஐது, ஐது என்று சொல்லிப் பார்த்தார். ஐதான தலைமுடி, ஐதான நெசவு. நெருக்கம் இல்லாதது. இடைவெளி உள்ளது. டெப்போவுக்குச் சீட்டுக் கிழித்துவிட்டார்கள் என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் போனை எடுத்ததும் முதல் பேச்சு அதுதான்.

"மேடம், ஐ...ஐதுன்னா எ...என் பேச்சு."

"துடிப்பு, உங்க பேச்சு, அளவு" என்று மேடம் அடுக்கிப் பார்த்தார். "மனசைவிட இது நல்லாத்தான் இருக்கு."

சில மாதத்தில் மேடம் அந்தச் சொல்லை முழுசாகச் சொல்லப் பழகிவிட்டார். அப்படியே வேலையை விட்டு ஓய்வு பெறும் நாளும் நெருங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, இந்த மாதத்தோடு சரி என்று மேடம் சொன்னபோது இவர் "ம்" என்றார். போனை வைத்த பிறகு வெகுநேரம் ஒரே வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் அது நடந்தது. பொது வார்டு மெஷினைச் சரி பண்ணிவிட்டுச் சேதி சொல்லப் போனை எடுத்தார். வேண்டுமென்றேதான் பெரிய சொல்லை எடுத்தார். இனி அதை யாரிடம் சொல்ல?

"மேடம், ஸ்ஃபிக்மோ..."

நின்றது. முப்பது வருஷத்தில் ஒரு நாளும் காலை வாராத சொல், நடுவிரலில் வந்து நின்றுவிட்டது. 'ம'வைத் தாண்ட முடியவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது.

இப்போதோ நிலைமை வேறு. இந்தக் கட்டடத்தில் மீதியைச் சொல்லத் தெரிந்த இன்னொரு ஆள் இருக்கிறார், அவர்தான் மறுமுனையில் இருக்கிறார். இவரே சொல்லிக் கொடுத்தது. நாலே அசை. ஒரு நொடி வேலை. எக்ஸ்சேஞ்சில் மற்ற லைன்கள் கிர்கிர்ரென்று அலறுவது இவருக்கே கேட்டது. மேடம் மூச்சு இழுப்பதும் கேட்டது. இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். இருந்த ஒரே சொல்லும் கைவிட்டுப் போகப்போகிறது.

மேடம் சொல்லவில்லை. லைன்கள் அலறட்டும் என்று விட்டுவிட்டார். "நான் லைன்ல இருக்கேன்" என்றுகூடச் சொல்லவில்லை. இருந்தார், அவ்வளவுதான்.

"...மனாமீட்டர் ரெடி."

"சந்தோஷம். வார்டுக்குச் சொல்லிடறேன்" என்றார் மேடம், ஒன்றுமே நடக்காத மாதிரி.

இவர் போனை மாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த மனுஷியைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அப்புறம். ஆனால் தானே, தன் வாயால் கேட்க வேண்டும்.

கடைசி நாளில் மேடம் கருவி அறைக்கு நேரில் வந்தார். அதுவரை வந்ததே இல்லை. மெஷின்களின் வரிசையை ஒரு பார்வை பார்த்து, "ஓ, இதுங்களைத்தான் இத்தனை நாளா வார்டு வார்டா சேதி சொல்லி அனுப்பிக்கிட்டிருந்தேனா!" என்று சிரித்தார். இவருடைய வெள்ளை நாடாவிலேயே ஒரு துண்டு கிழித்து, வீட்டுப் போன் நம்பரை எழுதி மேஜை விளிம்பில் ஒட்டினார். "போன் பண்ணுங்க. இல்லேன்னா பழக்கம் விட்டுப்போயிடும். ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா சும்மாதான் இருப்பேன்."

புதிதாக எக்ஸ்சேஞ்சுக்கு வந்த பெண் நல்ல பெண்தான், மின்னல் வேகம். இவர் 'ப்' என்பதற்குள் மூன்று வார்டுகளை இணைத்துவிடும். இவர் மறுபடியும் மாடி ஏறத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன. நாடாத் துண்டு மேஜையிலிருந்து சட்டைப் பைக்கு வந்திருந்தது, அதற்கு மேல் நகரவில்லை.

இவர் குடியிருப்பது அக்கா வீட்டு மாடியறையில். சாப்பாடு கீழே, அக்காவோடும் அத்தானோடும். அக்கா சின்ன வயதிலிருந்தே இவருக்கு இரண்டாவது வாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்து பதில் சொன்னவள் என்று அத்தான் கிண்டல் செய்வார். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னடா, தட்டோட என்ன வழக்கு?" என்றாள் அக்கா.

"அ...அக்கா, நான் ஒ...ஒருத்தங்ககிட்ட க... க..."

"கடன் வாங்கிட்டியா?"

"க..."

"கண்ணு தெரியலையா? கண்ணாடி மாத்தணுமா?"

"ஏம்மா, அவனைக் கொஞ்சம் விடேன்" என்றார் அத்தான்.

"கல்யாணம் பே...சணும்."

அத்தானின் கையில் டம்ளர் பாதி வழியில் நின்றது. அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தபோது வெள்ளம் வந்தது. யாருடா அது, எக்ஸ்சேஞ்சுக்காரங்களா, உன்னைவிட ரெண்டு வயசு மூத்தவங்களா, அதனால என்ன, என்னைவிடச் சின்னவங்கதானே, பையன் ஒத்துக்குவானா, ஒத்துக்காம என்ன. "நீ ஒண்ணும் கவலைப்படாதே. நம்பரைக் குடு. நானே நாளைக்குப் பேசி முடிச்சிடறேன்."

முடிச்சிடறேன். இவர் கையை அலம்பாமலே எழுந்து நின்றார்.

"வே...வேணாம்க்கா."

"ஏண்டா? உனக்குப் போன்ல வருமா?"

"அன்னிக்கும் நீதான் பே...சினே."

"என்னிக்குடா?"

அவருக்கு முப்பது வயதாக இருக்கும்போது ஒரு பெண் வீட்டார் பேச வந்திருந்தார்கள். பெண்ணும் வந்திருந்தாள். நேரடியாகப் பார்த்து, 'என்னைப் பிடிச்சிருக்கா?' என்று கேட்டாள். தைரியசாலி. இவர் 'பி... பி...' என்றார். பக்கத்திலிருந்த அக்கா, 'பிறகு சொல்றோம்னு சொல்றான்' என்று பதவிசாக முடித்துவைத்தாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள். அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமானது.

"பிறகுன்னுதானேடா சொல்ல வந்தே?" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

"பி...டிச்சிருக்குன்னு."

அக்கா அப்படியே உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையேடா பாவி!"

"நீ எ...எங்க விட்டே?" என்றார் இவர். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அத்தான் சிரித்தார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தக் கதையில் கசப்பு எப்போதோ கசிந்து போய்விட்டது. அக்காவைக் கோபித்துக்கொள்ள அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அந்த வீட்டில், அந்த மாடியறையில், அவர் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவரே முடிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடத்துப் போன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா அடுக்களை வாசலில் பச்சைப் பட்டாணி உரிக்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தாள். கண் தட்டில், காது முழுக்க இங்கே.

"நான் வாயே திறக்க மாட்டேன். சத்தியமா" என்றாள்.

"மாப்ளே, உங்கக்கா வாய்க்கு ஒரு வால்வு வச்சு டைட் பண்ணிட்டு அப்புறமா நம்பரைப் போடு" என்றார் அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

இவர் நாடாத் துண்டை முழங்காலில் ஒட்டிவைத்துக்கொண்டு நம்பரைப் போட்டார். முதலில் என்ன சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தார். ஹலோ வேண்டாம், அது வராது. எடுத்ததும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நான் லைன்ல இருக்கேன். 'நா' நல்ல எழுத்து, மூக்கு வழியாக மெதுவாக வரும், முட்டாது. மற்றது அதற்கப்புறம் தன் நேரத்துக்கு வரட்டும். 'க' நிற்கும். நிற்கட்டும். அவர் இருப்பார்.

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று இன்றுதான் கவனித்தார். ஐதாக இருந்தது. கட்டை விரல் தானாகச் சுண்டுவிரலைத் தொட்டது, பிறகு மோதிர விரலை. மணி அடித்தது. ஒருவேளை குளிக்கிறாரோ, ஒருவேளை வாசலில் பக்கத்து வீட்டம்மாவோடு நிற்கிறாரோ. வந்துகொண்டிருப்பார்.

"எடுக்கலேன்னா அப்புற—" என்று தொடங்கிய அக்கா, சட்டென்று ஒரு பட்டாணித் தோலை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

இவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். விரல் கணக்கு மணிக்கட்டுக்கு வந்திருந்தது. நாடி அவசரப்படாமல் துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தில் காத்திருந்தது மேடம். இன்றைக்கு இந்தப் பக்கம். அதில் என்ன குறைச்சல்?

மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் லைனில் இருந்தார்.